தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னவள்

போன மாதம் சிங்கப்பூர் போய்த் திரும்பியபோது, சிட்னி விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கதவு என் முகத்தைப் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான், என்னிடம் ஒரு மனிதரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது உறைத்தது. இதே இடத்தில் கேள்வி கேட்டே இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எழுபதுகளின் அந்தப் பழைய மண்டபமே கண்ணுக்குள் நின்றது. விடிகாலையில் பொட்டனிக் குடாவிலிருந்து மூடுபனி ஓடுபாதைமேல் ஏறி வரும். விமானம் இறங்குவது தெரியாது. பனிக்குள்ளிருந்து அது மெல்ல ஊர்ந்து வெளியே வருவது மட்டும் தெரியும். உள்ளேயிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் பாதித் தூக்கத்தில் நடந்து வருவார்கள். நாங்களும் அந்நேரம் பாதித் தூக்கத்தில்தான் நிற்போம். இப்போது நினைத்தால் அந்த வேலை முழுவதையும் நான் கனவில் செய்தது போலிருக்கிறது.

என் பெயர் தவமணி. நானும் என் கணவர் பாலாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது, நிறம் பார்த்துக் கதவடைக்கும் வழக்கம் இந்த நாட்டில் அப்போதுதான் தளர்ந்துகொண்டிருந்தது. பாலா படவரைஞர். எங்களைக் கூட்டிப்போக வந்து நின்றவர் ரத்தினம் அண்ணை. பாலாவின் நண்பர் ஒருவருக்குத் தூரத்து உறவு. அதற்கு முன் நாங்கள் அவரைக் கண்டதே கிடையாது. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். அவரும் மனைவி ராணியக்காவும் சிட்னிக்கு மேற்கே டூங்கபியில் ஒரு பலகை வீட்டில் இருந்தார்கள். பின் அறையை எங்களுக்குத் தந்தார்கள். இரண்டு கிழமை என்று போனவர்கள் எட்டு மாதம் இருந்தோம். ஒரு நாளாவது ராணியக்கா, "வீடு பார்த்தாச்சோ?" என்று கேட்டதில்லை.

அந்த வீட்டுக்குப் பின்னால் அன்று வெறும் புல்வெளிதான். பின்னேரமானால் ஒரு கூட்டம் கிளிகள் வந்து இறங்கும். சாம்பல் முதுகு, ரோசா நெஞ்சு. ஒன்றாக எழும்பித் திரும்பும்போது வானத்தில் ஒரு பக்கம் சாம்பலாயிருந்தது சட்டென்று ரோசாவாகும். அந்தக் கிளிக்கு இங்கே கலா என்று பெயர்.

"கலாவாம்! என்ரை சித்தியின்ரை பேர்," என்று ராணியக்கா விழுந்து விழுந்து சிரிப்பா. ரத்தினம் அண்ணை மிச்சச் சோற்றைக் கொண்டுபோய் வேலியோரம் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். "சித்தி, வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ," என்று கூப்பிடுவார்.

நான் அப்போது ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் தனிவீடு பார்த்துப் போன பிறகும் சனிக்கிழமைகளில் அண்ணை வீட்டில்தான் சாப்பாடு. அப்படியொரு சனிக்கிழமை, குசினி மேசையில் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை பார். சுங்கத்துக்கு ஆள் எடுக்கிறாங்கள். பொம்பிளையளும் போடலாமாம்."

"என்னை எடுப்பாங்களோ அண்ணை? இந்த நிறத்தோடை?"

"வேண்டாமெண்டா அவங்கள் சொல்லட்டுமன். நீ ஏன் முந்திக்கொண்டு சொல்லுறாய்?"

அது மத்திய அரசாங்க வேலை. பெட்டியைத் திறக்கவும், ஆளைச் சோதிக்கவும், தேவையென்றால் கைது செய்யவும் சட்டம் அதிகாரம் தந்த வேலை. பிரிட்டிஷ் பிரஜைகளுக்கே தரும் அந்த வேலைக்கு, இலங்கையில் பிறந்தவர்களையும் சமமாக எண்ணும் ஒரு பழைய விதி அன்று இருந்தது. அந்த ஒரு வரிதான் எனக்கு வழிவிட்டது. விண்ணப்பத்தை அண்ணையே தன் குண்டுக் கையெழுத்தில் நிரப்பினார். என் நடத்தைக்குச் சாட்சியாகக் கையெழுத்திட்டவரும் அவர்தான். 'இவர் நேர்மையானவர் என்பதை நான் நேரில் அறிவேன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் தன் முழுப்பெயரையும் எழுதினார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் உங்கள் மேசைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?"

"மற்றவர்களிடம் கேட்பதையே அவரிடமும் கேட்பேன்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்," என்று சொல்லிவிட்டு அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்கள் வகுப்பு. சட்டப் பிரிவுகள், தடைசெய்த பொருள்களின் பட்டியல், சாட்சிக் குறிப்பு எழுதும் முறை, பெட்டிக்குள் பொய் அடித்தளம் இருந்தால் கைக்கணக்கில் கண்டுபிடிக்கும் வித்தை. பிறகு வலக்கையை உயர்த்திச் சத்தியம். ஒரு சின்னத் தோல் உறைக்குள் உத்தியோக அடையாள வில்லை ஒன்று தந்தார்கள். ராணியக்கா அதை வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, திருநீறு பூசித் திருப்பித் தந்தா. பல மாதங்களுக்கு அந்தத் தோலில் திருநீற்றின் வாசம் இருந்தது.

எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ஹாலரன். பெரிய உடம்பு, சின்னக் குரல். இளமையில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். முதல் நாள் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் பன்னிரண்டு பெட்டிகளைச் சோதித்தார். ஒவ்வொரு பெட்டிக்கு முன்பும் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். பூட்டை அவர் திறக்கமாட்டார். பயணியைத் திறக்கச் சொல்லுவார். மேலே இருப்பதை முதலில் எடுத்து, மூடியின் இடது மூலையில் வைப்பார். அடுத்தது அதற்குப் பக்கத்தில். அப்படியே வரிசையாகப் போய், கடைசியில் வெறும் பெட்டியின் அடியை விரல் நுனியால் தடவுவார். பிறகு வந்த வழியே திரும்பிப் போய், எடுத்தது எடுத்தபடி அடுக்குவார். மடிப்புக் கலைந்த ஒரு சட்டையைக்கூட நான் காணவில்லை. பெட்டி மூடிப் பூட்டிய பிறகுதான் வெள்ளைச் சோக்குக் கட்டியால் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார். அந்தப் புள்ளடி இருந்தால் வாசலில் நிற்பவர் வழிவிடுவார்.

"மிஸஸ் பாலா," என்றார் பன்னிரண்டாவது முடிந்ததும், "ஒருவர் தன் வீட்டை மடித்து இதற்குள் வைத்துக்கொண்டு வருகிறார். நீங்கள் அதற்குள் நடந்து போகிறீர்கள். செருப்போடு போகாதீர்கள்."

அவரிடம் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. ஒளித்து வைத்திருக்கிறாயா என்று கேட்கமாட்டார். "என்னிடம் சொல்ல மறந்தது ஏதாவது உண்டா?" என்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். அந்த நிற்றலில் கோபமோ அவசரமோ இருக்காது. பனி விலகக் காத்திருக்கிறவர் மாதிரி இருக்கும். பத்தில் எட்டுப் பேர் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

ஒரு தடவை கறுப்பு உடுத்த கிரேக்கப் பெண் ஒருத்தி வந்தா. பெட்டிக்குள் துணி சுற்றிய ஒரு போத்தல். தெளிந்த நீர், அடையாளத் தாள் இல்லை. என்ன என்று கேட்டால் தன் மொழியில் ஒரே சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஹாலரன் மூடியைத் திறந்து முகர்ந்தார். சிறிது நேரம் கண்ணை மூடியபடி நின்றார். என் பக்கம் நீட்டினார். உப்பும் பாசியுமாக ஒரு மணம் வந்தது.

"கடல். வீட்டுக்கு முன்னாலிருந்த கடலாக இருக்கும்," என்றார்.

கடல்நீரை என்ன செய்வது என்று பட்டியலில் இல்லை. அவர் மூடியை இறுக்கி, துணியை முன்பிருந்தபடியே சுற்றிவைத்து, புள்ளடி போட்டார். அன்று முழுவதும் மண்டபத்துக்குள் அலை அடிப்பது போல எனக்கு ஒரு மயக்கம் இருந்தது.

இப்படி இரண்டு வருடம் போனது. இனிச் சொல்லப்போவது எளிதாகச் சொல்ல வராதது.

என் வேலை எப்போதும் கீழ்த்தளத்தில், வந்திறங்குகிற பக்கம். ரத்தினம் அண்ணை ஊருக்குப் போகிறார், தாயாருக்குச் சுகமில்லை என்று ராணியக்கா சொல்லியிருந்தா. போகிற நாள் எனக்கு விடுமுறை என்று நானும் அக்காவுக்குச் சொல்லியிருந்தேன். முந்தின நாள் கூட வேலை செய்யும் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததால், அன்று நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அதுவும் மேல்தளத்தில், புறப்படுகிற பக்கம்.

பகல் பதினொரு மணியிருக்கும். பெரிய கண்ணாடிகள் வழியாக வெயில் வந்து தரையெல்லாம் நீராகக் கிடந்தது. அந்த ஒளிக்குள் வரிசையில் அண்ணை நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, பக்கத்தில் ஒரு பெரிய பழுப்புப் பெட்டி. எனக்கு எவ்வளவு சந்தோசம்! வழியனுப்பக் கிடைத்ததே என்று கிட்ட ஓடினேன்.

"அண்ணை! நான் இண்டைக்கு வேலை. பாத்தியளே, காணக் கிடைச்சிட்டுது!"

அவர் திரும்பினார். அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. இரத்தம் முழுவதும் இறங்கிப்போன முகம்.

அவருக்குச் சுகமில்லையோ என்று நினைத்துக்கொண்டே, "தாங்கோ, நான் தூக்கிறன்," என்று பெட்டியின் கைபிடியைப் பிடித்தேன். அவ்வளவு பெரிய பெட்டி, ஆனால் பாரமில்லை. மற்றக் கையை அடியில் கொடுத்தேன். சூடாக இருந்தது. வெயில் சூடில்லை, உடம்புச் சூடு. தையலோரம் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். உள்ளே நகத்தால் தாளைக் கீறுவது போல் ஒரு சத்தம் வந்து, நின்றது.

இந்த நாட்டுப் பறவைகளை வெளியே கொண்டுபோவது குற்றம். அந்த நாள்களில் வெளிநாட்டுக்குப் பறவை கடத்துவது பெரிய தொல்லையாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, பெட்டிக்குள் அடுக்கிக் கொண்டுபோவார்கள். வகுப்பில் படமும் காட்டியிருந்தார்கள்.

அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார். தமிழில், மிக மெதுவாகச் சொன்னார்:

"தவம், திறக்காதை. உள்ளுக்குக் கிளியள். அக்காவை நினைச்சுப் பார் பிள்ளை."

பத்து அடி தள்ளி ஹாலரன் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவருக்குத் தெரிந்தது. என்ன பேசுகிறோம் என்பது தெரியவில்லை. ஒலிபெருக்கியில் யாருடைய பெயரையோ கூப்பிட்டது மட்டும் தண்ணீருக்கடியில் கேட்பது போலக் கேட்டது. குசினி மேசை, பின் அறையின் போர்வை, அண்ணையின் குண்டுக் கையெழுத்து எல்லாம் வந்து போயின. பெட்டிக்குள் மறுபடியும் அந்தக் கீறல் கேட்டது. நான் கையை உயர்த்தி ஹாலரனைக் கூப்பிட்டேன்.

பக்கத்து அறையில் கதவைச் சாத்திய உடனே, "இவரை எனக்குத் தெரியும், எனக்கு அண்ணனைப் போன்றவர்," என்று சொல்லிவிட்டேன். ஹாலரன் தலையசைத்தார். "அப்படியானால் பெட்டி என்னுடையது. நீங்கள் சுவரோரம் நில்லுங்கள்." போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அண்ணையை இருக்கச் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"ஐயா, இது நீங்கள் அடுக்கிய பெட்டியா?"

"இல்லை. ஒரு நண்பர் தந்தார். ஊருக்குப் போகிற வழியில் சிங்கப்பூரில் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார்."

"உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியுமா?"

அண்ணை என்னைப் பார்த்தார். "தெரியாது," என்றார்.

ஹாலரன் என் பக்கம் திரும்பினார். "வெளியே அவர் உங்களிடம் ஏதோ சொன்னார்."

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். 'சுகமா என்று கேட்டார்' என்று நான் சொல்லியிருந்தால் அதுவே பதிவாகியிருக்கும். தெரியாமல் சுமந்த அப்பாவி என்று அண்ணை வீட்டுக்குப் போயிருப்பார். இது எனக்குத் தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஹாலரனுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

"நேரம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார். "ஆனால் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்."

சொன்னேன்.

அவர் தன் குறிப்புப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "முதலில் அவர் சொன்னபடியே, உங்கள் எழுத்தில் எழுதுங்கள். அதற்கடியில் அர்த்தத்தை எழுதுங்கள். அவருடைய சொல்லை நாம் மாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்லக்கூடாது." நான் எழுதினேன். அண்ணைக்கும் அதைக் காட்டி, சரியா என்று கேட்கும்படி ஹாலரன் சொன்னார். அண்ணை வாசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அதன் பிறகுதான் பெட்டி திறந்தது.

பெண்கள் காலில் போடும் மெல்லிய நைலோன் உறைகள், பாம்புகள் போல நீள நீளமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவில் ஒரு கிளி. அந்த மெல்லிய துணி வழியாக ரோசா நிறம் தெரிந்தது. கண்கள் மூடியிருந்தன. எல்லாம் கலாக்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் இறகில் பட்டுவிடும் என்று ஹாலரன் விரலாலேயே முடிச்சவிழ்க்கத் தொடங்கினார். அவருடைய தடித்த விரல்களுக்கு அது அகப்படவில்லை. நான் ஒரு பக்கம் அவிழ்த்தேன்.

"நானும் அவிழ்க்கட்டோ?" என்று அண்ணை கேட்டார். ஆங்கிலத்தில் கேட்கவேண்டும் என்பதையே மறந்துபோயிருந்தார். நான் மொழிபெயர்த்தேன். ஹாலரன் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

அந்த அரைமணி நேரத்தைப் போல ஒன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. குற்றம் செய்தவரும், பிடித்தவளும், விசாரித்தவரும் ஒரு மேசையைச் சுற்றி நின்று, சத்தமில்லாமல் முடிச்சவிழ்த்துக்கொண்டிருந்தோம். உயிருள்ளதை ஒரு துவாய்த் துண்டின் மேல் வைத்தோம். இல்லாததை இன்னொன்றின் மேல் வைத்தோம். உள்ளங்கையில் ஒன்று லேசாகத் துடிக்கும். கையா துடிக்கிறது, கிளியா என்று தெரியாது. இருபத்துநான்கு இருந்தன. ஒன்பது செத்துப்போயிருந்தன.

"ஆறெண்டுதான் சொன்னவன்," என்றார் அண்ணை, யாரையும் பார்க்காமல். "நித்திரையிலை போய் நித்திரையிலை இறங்குமெண்டு சொன்னவன்." அப்போதுதான் அழுதார்.

காரணம் பிறகு வந்தது. ராணியக்காவின் ஒரே தம்பி சிவா ஊரில் இருந்தான். அங்கே நிலைமை கெட்டுக்கொண்டு வந்த காலம். இங்கே ஒரு முதலாளி வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சிவா வரலாம். அண்ணைக்குத் தெரிந்த ஒருவன், ஒரு சின்னப் பட்டறைக்குச் சொந்தக்காரன், அந்தக் கடிதத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தான். பதிலுக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும். காசுக்காகச் செய்யவில்லை. செய்தது குற்றமில்லை என்றும் நான் சொல்லவரவில்லை. கலாக்களுக்குச் சோறு போட்டுக் கூப்பிட்ட கை அது.

வழக்கு நாளில் சாட்சி சொல்ல நான் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். அந்தத் தமிழ் வசனத்துக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று வாதாடலாம் என அண்ணையின் வழக்கறிஞர் சொல்லியிருந்தாராம். ஆனால் அண்ணை எழுந்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். என்னை உள்ளே கூப்பிடவேயில்லை. முதல் தடவை என்பதால் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள். வேலை போய்விட்டது. பட்டறைக்காரனின் பெயரை அவர் சொன்னார். ஆனால் அவன்மேல் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

வெளியே வரும்போது அண்ணை எனக்கு முன்னால் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராணியக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. பிறகு என்னிடம் வந்தா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நீ சட்டத்தைப் பாத்தனி. சரி. பெட்டியைப் பிடிச்சனி. அதுவும் சரி. ஆனா தமிழிலை கேட்டதை நீ இங்கிலீசிலை சொல்லியிருக்கத் தேவையில்லை. அந்தாள் உன்ரை உத்தியோகத்தோடை கதைக்கேல்லை. உன்னோடை கதைச்சது."

சொல்லிவிட்டு, அண்ணையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனா.

பிழைத்த கிளிகளில் பதினான்கு தேறின. வழக்கு முடிந்ததும் அவற்றை விடுவிக்க ஹாலரன் என்னையும் கூட்டிப்போனார். மலைகளுக்கு அப்பால், மேற்கே நாள் முழுக்க வண்டியில் ஓடினோம். ஊர்கள் முடிந்து, வேலிகளும் முடிந்து, காய்ந்த புல்லும் வானமும் மட்டும் மிஞ்சிய ஒரு இடத்தில் கூடுகளை இறக்கி வைத்தோம். பின்னேர வெயில். கதவைத் திறந்த பிறகும் அவை வெளியே வரவில்லை. நாங்கள் தள்ளிப்போய் நின்றோம். நெடுநேரம் கழித்து ஒன்று வந்தது, பிறகு எல்லாமே வந்தன. எழும்பி, ஒருமுறை ஒன்றாகத் திரும்பின; அந்த வெறும் வானம் ஒரு நொடி முழுவதும் ரோசாவாகி, சாம்பலாகி, இல்லாமல் போனது.

"சரியாகத்தான் செய்தேனா?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"உண்மையைச் சொன்னீர்கள்," என்றார் ஹாலரன். "சொல்லுவீர்கள் என்பது தெரிந்து அவர் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்."

அந்தப் பேச்சும், ராணியக்காவின் பேச்சும் சேர்ந்து எனக்கு ஒரு வழக்கத்தை உண்டாக்கின. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. தமிழ் முகம் ஒன்று என் மேசைக்கு வந்தால், வணக்கம் சொன்ன உடனே இதையும் சொல்லிவிடுவேன்: "நான் உங்களோடை தமிழிலை கதைப்பன். ஆனா நீங்கள் சொல்லுறதை இங்கிலீசிலை எழுதுவன். அதை நினைச்சுக்கொண்டு கதையுங்கோ." சிலருடைய முகம் சுருங்கும். சிலர் சிரிப்பார்கள். ஒருவரும் பிறகு என்னை நம்பிக் கெட்டேன் என்று சொன்னதில்லை.

ராணியக்கா என்னுடன் பேசவில்லை. கோயில் என்று ஒன்று இல்லாத காலம் அது. யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் பூசை நடக்கும். நான் போனால் அவ எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. பாலா சில வேளைகளில் ரயிலில் அண்ணையைக் காண்பார். அண்ணைக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றும், கிளிகளைப் பற்றி விசாரித்தார் என்றும் ஒருநாள் வந்து சொன்னார். பதினான்கு பறந்தன என்று பாலா சொன்னாராம். அண்ணை அந்தத் தொகையை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாராம்.

எழுபதுகளின் கடைசி. ஒரு பனிக்கால விடியல், பனிக்குள்ளிருந்து ஒரு விமானம் ஊர்ந்து வந்தது. என் மேசைக்கு ஒல்லியான இளைஞர் ஒருவர் வந்து நின்றார். கடவுச்சீட்டில் பெயரைப் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் அப்படியே ராணியக்கா. தன் படிப்பைக் காட்டித் தானே விண்ணப்பித்து வந்திருந்தார். நான் என் வழக்கமான வசனத்தைத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் சிரித்தார்.

"அக்கா எழுதினவ. அங்கை மேசையிலை ஒரு தமிழ்ப் பொம்பிளை நிப்பா, அவவுக்கு ஒண்டும் ஒளிக்காதை, எல்லாத்தையும் சொல்லு எண்டு."

சொல்லிவிட்டு, கேட்காமலே பெட்டியைத் திறந்தார். பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள். அடியில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம். "இது முருங்கை விதை. அம்மா அக்காவுக்கெண்டு தந்தவ," என்றார். விதை கொண்டுவரக்கூடாது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு, பற்றுச்சீட்டு எழுதி அவர் கையில் கொடுத்தேன். மற்றதையெல்லாம் எடுத்தது எடுத்தபடி அடுக்கி, மூடி, புள்ளடி போட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிட ஓய்வு கேட்டுக்கொண்டு போய் முகம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது, வெளியே ஒரு பெண் உன்னைக் கேட்கிறாள் என்று வாசலில் நின்றவர் சொன்னார். போனேன். வருகையாளர் தடுப்புக்கு அந்தப் பக்கம் ராணியக்கா நின்றா. தலையில் அங்கங்கே நரை. சற்றுத் தள்ளி அண்ணையும் சிவாவும் பெட்டியோடு நின்றார்கள். அண்ணை எனக்குக் கையசைத்தார்.

"முருங்கை விதையை எடுத்திட்டியாம்," என்றா ராணியக்கா.

"ஓம் அக்கா. எடுக்கத்தான் வேணும்."

"ம்."

எங்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை வேலையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப பாலாவையும் கூட்டிக்கொண்டு மத்தியானம் சாப்பிட வா." திரும்பி இரண்டு அடி நடந்தவ, நின்றா. "ஒண்டும் கொண்டு வராதை. கொண்டு வந்தா நானும் திறந்துதான் பாப்பன்."